பகலில் பேனல், மாலையில் பிஎல்சி

கேள்வி: ஐயா, எனக்கு வயது 31. எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு எட்டு வருடமாக ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருக்கிறேன். மோட்டார், ஸ்டார்ட்டர், பேனல் வயரிங் எல்லாம் தனியாகவே பார்த்துவிடுவேன். ஆனால் கோளாறு, மிஷினை ஓட்டும் கன்ட்ரோல் கம்ப்யூட்டரான பிஎல்சியில் என்று யாராவது சொல்லிவிட்டால், லேப்டாப்போடு இன்னொருவர் வரும்வரை கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறது. மாலை நேரப் பயிற்சி ஒன்றை விசாரித்தேன். மூன்று மாதத்தில் நான்கு கம்பெனி பிஎல்சி, எச்எம்ஐ (மிஷினை இயக்கும் திரை), ஸ்காடா (ஆலையைத் திரையில் கண்காணிப்பது), டிரைவ் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி), சர்வோ (துல்லியமாக நகர்த்தும் மோட்டார்), டிசிஎஸ் (பெரிய ஆலைகளின் கன்ட்ரோல் அமைப்பு) எல்லாம் சொல்லித் தருவார்களாம், வேலையும் உறுதியாம். கட்டணம் என் இரண்டு மாதச் சம்பளம். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, மனைவியும் வேலைக்குப் போகிறார். எனக்குப் புரோகிராமிங் தெரியாது, ஆங்கிலமும் சுமார்தான். இந்த வயதில் இது சரிப்பட்டு வருமா? சேரலாமா?

அன்புள்ள தம்பிக்கு,

சேருங்கள். 31 வயது இந்தத் துறைக்குத் தாமதமே இல்லை. ஆனால் நீங்கள் விசாரித்த அந்த வகுப்புக்கு இப்போதே பணம் கட்டிவிடாதீர்கள். முதலில் இரண்டு மாலை அங்கே போய் உட்கார்ந்து பாருங்கள், சில கேள்விகள் கேளுங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள். என்ன கேட்க வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் 'கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றிப் பேச வேண்டும். இந்த வேலையில் பாதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அது உங்களுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

நான் வேலைக்கு வந்து மூன்றாவது வருடம். ஒரு பேக்கிங் லைனில் முன்னும் பின்னும் ஓடும் வண்டி போன்ற ஒரு பாகம். அது தன் தொடக்க இடத்துக்குத் திரும்பியதும் ஒரு சென்சார் பார்க்க வேண்டும், பார்த்தால்தான் பிஎல்சி அடுத்த வேலைக்குப் போகும். அன்று இரவு இருபது நிமிடத்துக்கு ஒரு முறை 'ஹோம் சென்சார் இல்லை' என்று அலாரம் அடித்து லைன் நின்றது. நான் லேப்டாப்பை மாட்டிக்கொண்டு புரோகிராமில் தேடினேன். சிக்னல் வருவதும் போவதும் திரையில் தெரிகிறது, ஆனால் காரணம் தெரியவில்லை. டைமரை நீட்டிப் பார்த்தேன், நிபந்தனையை மாற்றிப் பார்த்தேன். மூன்று மணி நேரம் போனது.

இரவு ஷிப்ட் எலக்ட்ரீஷியன் ஒருவர், என் அப்பா வயது இருக்கும், மிஷின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். சென்சாரின் முதுகில் இருக்கும் சின்ன மஞ்சள் விளக்கைப் பார்த்துக்கொண்டே, 'கார்டுல அந்த இன்புட் லைட் எரியுதா பார்' என்றார். சென்சாரில் விளக்கு அசையாமல் எரிகிறது. பேனலில், சிக்னலை பிஎல்சிக்குள் வாங்கும் இன்புட் கார்டின் விளக்கோ, வண்டி கடைசி ஒரு முழம் வரும்போது மட்டும் துடிக்கிறது. 'அப்போ சென்சாரும் நல்லா இருக்கு, கார்டும் நல்லா இருக்கு, நடுவுல இருக்கு வியாதி' என்றார். மிஷினை நிறுத்தி, லாக் போட்டு, கன்ட்ரோல் சப்ளையை மட்டும் விட்டுவிட்டு, வண்டியோடு வளைந்து வளைந்து போகும் கேபிள் செயினைத் திறந்தார். கேபிளைக் கையால் லேசாக மடக்கினார். கார்டு விளக்கு அணைந்து எரிந்தது. பழுப்பு, நீலம், கறுப்பு என்று மூன்று வயர். அதில் சிக்னல் வரும் கறுப்பு வயர், மேலுறை நன்றாக இருக்க, உள்ளே முறிந்துபோயிருந்தது. கேபிளை மாற்றியதும் லைன் ஓடியது.

அவருக்குப் புரோகிராம் படிக்கத் தெரியாது. எனக்குப் படிக்கத் தெரியும், ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்பது தெரியாது. அந்த சென்சாரின் நுனியிலிருந்து ஜங்ஷன் பாக்ஸ், டெர்மினல், இன்புட் கார்டு, அங்கிருந்து புரோகிராமில் ஒரு பிட் (1 அல்லது 0 என்ற நிலை), அந்த பிட்டால் எழும் ஒரு அவுட்புட், அங்கிருந்து ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்), சோலனாய்டு வால்வு, சிலிண்டர் என்று ஒரே நூலாகப் பிடித்துக்கொண்டு போகத் தெரிந்தவருக்குத்தான் இந்தத் துறையில் மதிப்பு. அந்த நூலில் கார்டு வரைக்கும் வரும் பகுதியும், கார்டுக்கு அப்பால் போகும் பகுதியும் உங்களுக்கு எட்டு வருடப் பழக்கம். நடுவில் இருக்கும் துண்டு மட்டும்தான் பாக்கி. மாலை வகுப்பு அந்தத் துண்டை உங்களுக்குத் தருமா என்பதுதான் கேள்வி. தராத வகுப்பு எத்தனை கம்பெனி பெயரைச் சொன்னாலும் உங்களுக்கு உதவாது.

புரோகிராமிங் தெரியாது என்கிறீர்கள். பிஎல்சிக்குப் புரோகிராம் எழுதும் லேடர் என்ற மொழி எப்படி வந்தது என்று தெரிந்தால் உங்கள் பயம் பாதி போய்விடும். 1960களில் கார் தொழிற்சாலைகளின் கன்ட்ரோல் முழுக்க ரிலே பேனல்களில்தான் இருந்தது. மாடல் மாறும்போதெல்லாம் நூற்றுக்கணக்கான ரிலேக்களைப் பிரித்து மறுபடி வயரிங் செய்ய வேண்டும். 1968இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு, ரிலேக்குப் பதிலாக ஒரு மின்னணுக் கருவி வேண்டும் என்று கேட்டது. டிக் மோர்லி இருந்த பெட்ஃபோர்டு அசோசியேட்ஸ் நிறுவனம் அதைச் செய்து கொடுத்தது. அந்த நிறுவனத்தின் 84ஆவது திட்டம் என்பதால் அதற்கு 084 என்று பெயர், பின்னால் அது மோடிகான் 084 ஆனது. ரிலே சர்க்யூட்டைப் படிக்கத் தெரிந்த தொழிற்சாலை ஆட்கள் இதையும் படிக்க வேண்டும் என்பதால், அவர்கள் தினமும் பார்த்த அதே ட்ராயிங் வடிவத்தை அப்படியே திரைக்குக் கொண்டுவந்தார்கள். அதுதான் லேடர். உங்களைப் போன்ற எலக்ட்ரீஷியனை மனதில் வைத்தே செய்த மொழி அது. சாஃப்ட்வேர் படித்துவிட்டு வருபவருக்கு அது விநோதமாகத் தெரியும். டிஓஎல் ஸ்டார்ட்டரில், ஸ்டார்ட் பட்டனிலிருந்து கையை எடுத்த பிறகும் மோட்டாரை ஓடவைக்கும் ஹோல்டிங் காண்டாக்ட்டை வயரிங் செய்தவருக்கு முதல் நாளே புரியும்.

ஆனால் ஓர் இடத்தில் நீங்களும் தடுமாறுவீர்கள். எல்லோரும் தடுமாறும் இடம் அது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஒரு வகுப்பு தேறுமா தேறாதா என்று அளக்கவும் அதுவே நல்ல அளவுகோல்.

ஸ்டாப் பட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். பேனலில் அதை என்சி காண்டாக்ட்டில்தான் கட்டுவீர்கள், அதாவது அழுத்தாதபோது மூடியிருக்கும், அழுத்தினால் திறக்கும். அதையே பிஎல்சி இன்புட்டில் கட்டினால், யாரும் தொடாதபோது 24 வோல்ட் இன்புட்டுக்கு வந்துகொண்டே இருக்கும், விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். இப்போது லேடரில் அந்த ஸ்டாப்புக்கு எந்தக் குறியீடு போடுவது? கை தானாக என்சி குறியீட்டுக்குப் போகும், குறுக்குக் கோடு போட்ட அந்தக் காண்டாக்ட்டுக்கு. போட்டால் மோட்டார் ஸ்டார்ட்டே ஆகாது. ஏனென்றால் புரோகிராமில் இருக்கும் குறியீடு பட்டனைப் பற்றிப் பேசவில்லை, இன்புட்டில் வோல்டேஜ் இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறது. இன்புட்டில் எப்போதும் 1 இருப்பதால், '1 இருந்தால் விடு' என்று சொல்லும் என்ஓ குறியீட்டைத்தான் போட வேண்டும்.

சரி, பட்டனையே என்ஓவாக, அதாவது அழுத்தினால் மட்டும் மூடும்படி, கட்டிவிட்டு, புரோகிராமில் என்சி போட்டால் என்ன? மோட்டார் ஓடும். ஸ்டாப் அழுத்தினால் நிற்கும். டெமோவில் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஒரு நாள் அதிர்வில் அந்த ஸ்டாப் வயர் டெர்மினலிலிருந்து கழன்றுவிட்டது என்று வையுங்கள். முதல் முறையில் வோல்டேஜ் போய், மோட்டார் உடனே நிற்கும். நீங்கள் வந்து வயரை மாட்டுவீர்கள். இரண்டாவது முறையில் எதுவுமே நடக்காது. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். யாருக்காவது ஸ்டாப் தேவைப்படும் அந்த நொடியில்தான், அழுத்தினாலும் நிற்கவில்லை என்பது தெரியவரும்.

இதை ஒரு ஆசிரியர் போர்டில் எழுதிக் காட்டினால் போதாது. பெஞ்சில் உங்களையே வயரைக் கழற்றச் சொல்லி, ஓடும் மோட்டாரைப் பார்க்கவைக்க வேண்டும். அதற்கடுத்து, எமர்ஜென்சி ஸ்டாப்பைச் சாதாரண பிஎல்சி இன்புட்டை மட்டும் நம்பி விடக்கூடாது, தனி சேஃப்டி ரிலேயோ சேஃப்டி பிஎல்சியோ வழியாக நேராக மின்சாரத்தைத் துண்டிக்கும்படி கட்ட வேண்டும் என்பதையும் அந்த வாரமே சொல்லியிருக்க வேண்டும். டெமோ வகுப்பில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: 'ஸ்டாப் பட்டனை ஏன் என்சியில் கட்டுகிறோம், லேடரில் ஏன் என்ஓ போடுகிறோம்?' பதில் சொல்பவர் முகத்தில் ஆர்வம் வருகிறதா என்று பாருங்கள். ஃபீல்டில் வேலை பார்த்தவர் என்றால் எழுந்து பெஞ்சுக்கே கூட்டிப் போவார். 'அதெல்லாம் மூன்றாவது வாரம் வரும்' என்று சொன்னால் எனக்கு அந்த இடத்தில் நம்பிக்கை வராது.

மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பிஎல்சிக்கு எத்தனை பேர்? இரண்டு பேருக்கு மேல் என்றால் மாலை முழுக்க அடுத்தவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துத்தான் கழியும். வயரிங் நீங்கள் செய்வீர்களா, ஏற்கெனவே கட்டி வைத்த கிட்டில் ஸ்விட்சைத் தட்டுவது மட்டும்தானா? வகுப்பு முடிந்தபின் ஒரு மணி நேரம் பெஞ்சில் இருக்க விடுவார்களா? வேண்டுமென்றே கோளாறு வைத்துத் தருவார்களா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியமானது. ஓடும் புரோகிராமை எழுதக் கற்றுக்கொடுக்கும் இடங்கள் பல உண்டு. ஓடாத மிஷினைக் கொடுத்து 'கண்டுபிடி' என்று விட்டுவிடும் இடங்கள் குறைவு. உங்களை வேலைக்கு எடுப்பவர் சம்பளம் கொடுக்கப்போவது இரண்டாவதற்குத்தான். ஒரே அவுட்புட்டை இரண்டு ரங்கில், அதாவது லேடரின் இரண்டு வரிகளில், எழுதி வைத்துவிட்டு, ஏன் முதல் ரங் வேலை செய்யவில்லை என்று கேட்க வேண்டும். பிஎல்சி இன்புட்டுகளைப் படித்து, புரோகிராமை மேலிருந்து கீழே ஓட்டி, கடைசியில் அவுட்புட்டுகளை எழுதுகிறது, அதனால் கடைசியாக எழுதிய ரங்தான் ஜெயிக்கும் என்பதை நீங்களே திணறிக் கண்டுபிடிக்க வேண்டும். அப்படிக் கண்டுபிடித்தது மறக்காது.

நான்கு கம்பெனி பிஎல்சி மூன்று மாதத்தில் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாரம் மூன்று மாலை, இரண்டு மணி நேரம் என்றால் மூன்று மாதத்தில் எழுபத்தெட்டு மணி நேரம். அதில் நான்கு சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்து மெனுவைப் பழகவே பாதி போய்விடும். சீமென்ஸ், ராக்வெல், மிட்சுபிஷி, ஓம்ரான் என்று எதை எடுத்தாலும் அடிப்படை ஒன்றுதான். 1993இல் வந்த ஐஇசி 61131-3 என்ற தரநிலை இந்த மொழிகளைப் பொதுவாக வரையறுத்திருக்கிறது. லேடர், ஃபங்க்ஷன் பிளாக், ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் எல்லாம் அதில் வருபவை. ஒன்றை ஆழமாகக் கற்றவர் அடுத்ததுக்கு மாற சில வாரங்கள் போதும். நான்கையும் மேலோட்டமாகப் பார்த்தவருக்கு ஒன்றும் கையில் நிற்காது. எந்தக் கம்பெனி என்று கேட்டால், உங்கள் தொழிற்சாலைப் பேனலில் எது இருக்கிறதோ அது. காலையில் பார்ப்பதும் மாலையில் படிப்பதும் ஒன்றாக இருந்தால் மூளை இரண்டு மடங்கு வேலை செய்யும்.

டிசிஎஸ், சர்வோ இரண்டையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஸ்காடாவும் பிறகு பார்க்கலாம். அந்த நேரத்தை அனலாகுக்குக் கொடுங்கள்.

ஆமாம், அனலாக், அதாவது ஆன்-ஆஃப் என்று இல்லாமல் கூடிக் குறையும் சிக்னல். மெயின்டனன்ஸிலிருந்து வருபவர்கள் ஆன்-ஆஃப் வரை வேகமாக வந்துவிட்டு இங்கே நின்றுவிடுகிறார்கள். 4-20 மில்லிஆம்ப் சிக்னல் உங்கள் தொழிற்சாலையிலும் எங்கேயாவது ஓடிக்கொண்டிருக்கும். ஏன் பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் 4இல் தொடங்குகிறது? பிரஷர் பூஜ்யம் என்றால் 4 வரும், வயர் அறுந்தால் பூஜ்யம் வரும். இரண்டையும் பிரித்து அறியத்தான். ஸ்டாப் பட்டனை என்சியில் கட்டுவதும் இதுவும் ஒரே யோசனையில் பிறந்தவை, கவனித்தீர்களா?

இப்போது ஒரு கணக்கு. பிரஷரை அளந்து மில்லிஆம்ப் சிக்னலாக அனுப்பும், 0 முதல் 10 பார் வரை காட்டும் டிரான்ஸ்மிட்டர். 4 மில்லிஆம்ப் வந்தால் 0 பார், 20 வந்தால் 10 பார், நடுவில் 12 வந்தால் 5 பார். சீமென்ஸ் எஸ்7 குடும்பத்தில் இந்த வீச்சு 0 முதல் 27648 வரை எண்ணாக மாறும், அப்போது 5 பாருக்கு 13824. ஒரு நாள் திரையில் காட்டும் பிரஷருக்கும் பைப்பில் இருக்கும் கேஜுக்கும் ஒத்துப்போகவில்லை. பைப்பில் பிரஷரே இல்லாதபோது திரை 2 பார் காட்டுகிறது. 5 பார் இருக்கும்போது 6 காட்டுகிறது. 10 பாரில் இரண்டும் சரியாக ஒத்துப்போகிறது. எங்கே கோளாறு? டிரான்ஸ்மிட்டரை மாற்றச் சொல்வார்கள் பலர். பிழை கீழே அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைந்துகொண்டே வந்து கடைசியில் மறைந்தும் விடுகிறது என்பதைக் கவனித்தவர், கார்டு செட்டிங்கைத் திறந்து பார்ப்பார். அங்கே 4-20க்குப் பதில் 0-20 என்று தேர்வாகியிருக்கும். ஒரு மவுஸ் கிளிக்கில் முடிந்துபோகும் வேலை. இந்தக் கணக்கைப் போட எட்டாம் வகுப்புக் கணிதம் போதும், ஆனால் ஒரு முறையாவது கையில் மில்லிஆம்ப் மீட்டரை வைத்துக்கொண்டு போட்டிருக்க வேண்டும். வகுப்பில், மில்லிஆம்ப் சிக்னலைக் கொடுத்தும் அளந்தும் பார்க்கும் லூப் கேலிப்ரேட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு சின்ன பொட்டென்ஷியோமீட்டரை வைத்து 0-10 வோல்ட் இன்புட்டுக்குக் கொடுக்கும் ஏற்பாடு இருந்தாலும் பரவாயில்லை. திரையில் ஸ்லைடரை நகர்த்துவது மட்டும்தான் அனலாக் பாடம் என்றால் யோசியுங்கள்.

வீட்டில் பழக வழி இருக்கிறது. கோடெசிஸ் என்ற சாஃப்ட்வேரை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், உங்கள் கம்ப்யூட்டரையே பிஎல்சி போல ஓட்டிப் பார்க்கலாம். சீமென்ஸின் பிஎல்சி சாஃப்ட்வேரான டிஐஏ போர்ட்டலுக்கு 21 நாள் சோதனை உரிமம் கிடைக்கும், ஆகவே அதை வகுப்பின் முதல் வாரத்தில் திறந்து வீணாக்காமல், அடிப்படை பிடிபட்ட பிறகு தொடர்ந்து மூன்று வாரம் உட்கார முடியும் சமயம் பார்த்துத் தொடங்குங்கள். குழந்தை தூங்கிய பிறகு முக்கால் மணி நேரம் கிடைத்தால்கூட ஒரு ரங்கை எழுதி ஓட்டிப் பார்க்கலாம். ஒன்றை மட்டும் சிமுலேஷன் தராது: கழன்ற வயர், ஒட்டிக்கொண்ட ரிலே, எண்ணெய் படிந்த சென்சார். அதை உங்கள் பகல் வேலை தாராளமாகத் தருகிறது.

ஆங்கிலத்துக்கு வருகிறேன். மேனுவல் ஆங்கிலத்தில்தான் இருக்கும், படித்தே ஆக வேண்டும். ஆனால் அந்த ஆங்கிலத்தில் திரும்பத் திரும்ப வருவது சில நூறு சொற்கள்தான். அவற்றில் பாதியை நீங்கள் இப்போதே பேசிக்கொண்டிருக்கிறீர்கள்: ட்ரிப், ஃபால்ட், ரீசெட், ஓவர்லோடு, இன்டர்லாக். வாரம் ஒரு டிரைவ் மேனுவலில் ஃபால்ட் பட்டியல் இருக்கும் பக்கத்தை மட்டும் எடுங்கள். ஒவ்வொரு ஃபால்டுக்கும் என்ன காரணம், என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் உங்கள் நோட்டில் எழுதுங்கள். ஆறு மாதத்தில் மேனுவல் பயம் போய்விடும். பேச்சு ஆங்கிலம் வேறு விஷயம், அதற்காக இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி நான் சொல்வதைத் தயவுசெய்து மறக்க வேண்டாம். வகுப்பில் நேற்று மாலை கற்றதை இன்று காலை தொழிற்சாலை மிஷினில் முயன்று பார்க்காதீர்கள். லேப்டாப்பை பிஎல்சியோடு இணைத்து ஆன்லைனில் போய் ஒரு பிட்டை ஃபோர்ஸ் செய்வது, அதாவது கட்டாயமாக 1 அல்லது 0 ஆக்குவது, வகுப்பில் விளையாட்டுப் போலத் தெரியும். மிஷினில் அதே பிட் ஒரு சிலிண்டரைத் தள்ளும், அந்த நேரத்தில் அதன் முன்னால் யாருடைய கை இருக்கிறது என்று லேப்டாப் திரை உங்களுக்குச் சொல்லாது. ஃபோர்ஸை எடுக்க மறந்துவிட்டுப் போனால் அடுத்த ஷிப்ட்டுக்கு அது கண்ணி. டிரைவ் விஷயமும் அப்படியே. மெயின் சப்ளையை அணைத்த பிறகும் உள்ளே கப்பாசிட்டரில் சார்ஜ் இருக்கும். 400 வோல்ட் சப்ளையில் டிசி பஸ் 560 வோல்ட்டைத் தாண்டி நிற்கும். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று டிரைவின் மேலேயே ஒட்டியிருப்பார்கள். அவ்வளவு நேரம் காத்திருங்கள், மீட்டரால் அளந்து பாருங்கள், பிறகு கையை வையுங்கள். பகல் முழுக்க வேலை, மாலை வகுப்பு, ராத்திரி குழந்தை அழுகை என்று இருக்கும் மாதங்களில் தூக்கம் குறையும். தூக்கம் குறைந்த உடம்போடு லைவ் பேனலைத் திறக்க வேண்டிய நாள் வந்தால், பக்கத்தில் ஒருவரை நிற்கவைத்துக்கொள்ளுங்கள். இதில் கூச்சமே வேண்டாம்.

வகுப்பு நாட்களைப் பற்றியும் மனைவியோடு உட்கார்ந்து முதலிலேயே பேசிவிடுங்கள். வாரம் ஐந்து மாலை வகுப்பைவிட மூன்று மாலை வகுப்பு உங்களுக்கு நல்லது. மற்ற இரண்டில் ஒன்று பழக, ஒன்று வீட்டுக்கு. நீங்கள் ஷிப்ட் மாறும் வேலையில் இருந்தால், தவறிய வகுப்பை இன்னொரு பேட்ச்சில் உட்கார்ந்து ஈடுகட்ட விடுவார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். பாதியில் நின்றுபோகும் மாணவர்களில் நான் பார்த்தவரை பெரும்பாலானோர் பாடம் கடினம் என்று நிற்பதில்லை, நடுவில் நான்கு வகுப்பு தவறி, திரும்பி வந்தால் ஒன்றும் புரியாமல் நிற்கிறார்கள். கட்டணத்தைத் தவணையில் கட்ட முடியுமா என்றும் கேளுங்கள். முழுப் பணத்தையும் முதல் நாளே கேட்டு, டெமோ காட்டவும் தயங்கும் இடத்தை விட்டுவிடலாம்.

வேலை உறுதி என்ற வாக்கை நம்பிச் சேர வேண்டாம். யாரும் உறுதி தர முடியாது. ஆனால் இந்தப் பயிற்சிக்கு அப்புறம் உங்களுக்கு மூன்று கதவுகள் உண்டு என்று நிச்சயமாகச் சொல்வேன். உங்கள் தொழிற்சாலையிலேயே லேப்டாப்பைத் தொடும் ஆளாக மாறுவது ஒன்று. பேனல் தயாரித்து, புரோகிராம் எழுதி, இடத்துக்குப் போய் ஓட்டிக் கொடுக்கும் சிஸ்டம் இன்டக்ரேட்டர் நிறுவனங்கள் இரண்டாவது. மிஷின் தயாரிப்பாளர்களின் சர்வீஸ் பிரிவு மூன்றாவது. இரண்டாவதில்தான் வேகமாகக் கற்கலாம், ஆனால் கமிஷனிங் என்றால் வாரக்கணக்கில் வெளியூர், முடியும் தேதி உங்கள் கையில் இல்லை. கைக்குழந்தை உள்ள வீட்டில் இப்போது அது நியாயமா என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும். என்னைக் கேட்டால் முதல் இரண்டு வருடம் முதல் கதவு. உங்கள் மிஷின்களை உங்களுக்குத் தெரியும், உங்கள் மேல் அங்கே மதிப்பும் இருக்கும்.

அதனால் படிக்கப்போவதை மறைக்காமல் உங்கள் சூப்பர்வைசரிடம் சொல்லிவிடுங்கள். லேப்டாப்போடு வருகிறாரே, அவரிடமும் சொல்லுங்கள். அடுத்த முறை அவர் வரும்போது கைகட்டி நிற்காமல், 'இன்புட் விளக்கு எரிகிறது, சென்சார் சரி, டெர்மினலில் 24 வோல்ட் வருகிறது, அவுட்புட் விளக்கு மட்டும் வரவில்லை' என்று பார்த்து வைத்துச் சொல்லுங்கள். அவருக்குப் பாதி வேலை மிச்சம். திரையில் என்ன தேடுகிறார் என்று அவரே உங்களுக்குக் காட்டுவார். நேர்முகத் தேர்விலும் இதைத்தான் கேட்பார்கள். நானும் பல பேரை எடுத்திருக்கிறேன், சான்றிதழைப் பார்த்த பிறகு கேட்கும் முதல் கேள்வி, 'ஸ்டார்ட் அழுத்தினால் மோட்டார் ஓடவில்லை, முதலில் எங்கே பார்ப்பாய்?' புரோகிராமைத் திறப்பேன் என்பவரைவிட, கார்டில் விளக்கைப் பார்ப்பேன் என்பவரோடு பேச்சு நீளும்.

இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். உங்கள் பிரிவில் அடிக்கடி நிற்கும் ஒரு மிஷினின் ட்ராயிங்கை வாங்கி, அதில் ஒரே ஒரு சென்சாரைத் தேர்ந்தெடுங்கள். அதன் வயர் நம்பர், ஜங்ஷன் பாக்ஸில் எந்த டெர்மினல், பேனலில் எந்த டெர்மினல், கார்டில் எத்தனையாவது இன்புட், பிஎல்சி முகவரி என்ன, எல்லாவற்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். மிஷின் ஓடும்போது தள்ளி நின்று, எப்போது அந்த விளக்கு எரிகிறது, எப்போது அணைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எதையும் தொட வேண்டாம். அந்தத் தாளோடு டெமோ வகுப்புக்குப் போய், 'இந்த முகவரியைப் புரோகிராமில் எப்படித் தேடுவது, இது எங்கெல்லாம் பயன்படுகிறது என்று எப்படிப் பார்ப்பது?' என்று கேளுங்கள். அதற்கு க்ராஸ் ரெஃபரன்ஸ் என்று பெயர், எந்த சாஃப்ட்வேரிலும் இருக்கும். காட்டிக் கொடுத்தார்கள் என்றால் பணம் கட்டுங்கள். சேர்ந்த பிறகு முதல் மாதம் எப்படிப் போகிறது என்று எழுதுங்கள், அனலாகில் மாட்டிக்கொண்டால் அந்தக் கணக்கையும் சேர்த்து அனுப்புங்கள்.